அதிராத இடம்

அந்த ரோட்டுக்கு வந்த சரக்கைப் பார்த்ததும் புங்கங்கரை ஆட்கள் சிரித்துவிட்டார்கள். காங்கிரீட் என்றால் கூழாக இருக்க வேண்டும், சட்டியில் அள்ளினால் கையோடு வழிய வேண்டும். அதுதான் அவர்கள் கண்ட காங்கிரீட். இது டிப்பரிலிருந்து கொட்டும்போது பொலபொலவென்று விழுந்தது, ஈரமண் போல. பிடித்தால் உருண்டை நின்றது, கையில் ஒட்டவில்லை. உள்ளே கம்பி கிடையாது. ஓரத்தில் பலகை அடைப்பும் கிடையாது. ஒரு பெரிய மெஷின் முன்னால் பரப்பிக்கொண்டே போகும், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ரோலர் ஏறும். அவ்வளவுதான் ரோடு.

"கம்பியும் இல்ல, தண்ணியும் இல்ல. இத காங்கிரீட்டுன்னா எங்கூட்டு ஆடுகூட நம்பாது" என்றாள் எல்லையம்மாள்.

மருதையனும் சேர்ந்து சிரித்தார். நாற்று பறித்து, கதிர் அறுத்து, சூளையில் செங்கல் சுமந்து, மாடிக்குக் கலவைச் சட்டி ஏற்றி, உடம்பில் தேயாத இடம் இல்லை என்று ஆன பிறகு அவருக்குக் கிடைத்த வேலை இது. மெஷின் பரப்பிப் போனதில் ஓரத்தில் சிந்தியதை வாரியால் இழுத்துச் சேர்க்க வேண்டும். உருட்டி முடிந்த இடத்தில் சாக்கு விரித்துத் தண்ணீர் விட வேண்டும். எல்லையம்மாளும் தெருவில் இன்னும் சில பேரும் அதே வேலையில் இருந்தார்கள். ரோடு போடுவதும் அவர்கள் குடியிருக்கிற தெருவிலேதான். வீட்டு வாசலிலேயே வேலை வருகிறதே என்று மருதையன் பட்ட சந்தோஷம் ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை.

முதல் நாள் காலையில் இன்ஜினீயர் பூர்ணிமா எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினார். சின்ன வயசுதான். ஆனால் வெயிலில் ஆட்களோடு நிற்கிற பெண்.

"கேட்டுக்கங்க. இந்த ரோட்டுக்கு உசுரே ரோலர்தான். சரக்கு காயறதுக்குள்ள அதிர்வு குடுத்து அமுக்கணும். அந்த அதிர்வுலதான் கல்லுக்குள்ள கல்லு போயி உக்காரும். சும்மா மேல உருட்டுனா மேல்தோல் மட்டும் எறுகும், அடியில பொந்து பொந்தா நிக்கும். பாத்தா தெரியாது. வண்டி ஏறும்போதுதான் தெரியும்."

எல்லோரும் கேட்டார்கள். மருதையனும் கேட்டார்.

தெருக்கோடியில் திறந்தவெளி நெல் கிடங்கு வந்ததிலிருந்து அந்தத் தெருவுக்கு நிம்மதி இல்லை. சுற்றுவட்டாரக் கொள்முதல் நிலையங்களின் மூட்டையெல்லாம் லாரியில் இந்த வழியாகத்தான் போகிறது. தார் ரோடு ஒவ்வோர் ஐப்பசி மழைக்கும் குழம்பாகும், மறுபடி மேலேயே போடுவார்கள். போடப் போட ரோடு ஏறியது. வீடுகள் இருந்த இடத்திலேயே இருந்ததால் பள்ளத்துக்குப் போயின. மருதையன் வீட்டுக்குள் நுழைய இப்போது ரோட்டிலிருந்து இறங்க வேண்டும். லாரிச் சக்கரம் அவர் வீட்டு ஜன்னல் மட்டத்துக்கு ஓடும்.

மண் சுவர் வீடு அது. கஜா புயலில் கூரை பிய்த்துக்கொண்டு போயிற்று, சுவர் நின்றது. நின்ற சுவர்மேல் தகரம் போட்டார். அரசாங்க வீட்டுக்கு எழுதிக் கொடுத்தது இன்னும் வந்தபாடில்லை.

ரோலர் தெருமுனைக்கு வந்த அன்றைக்கே வீட்டுக்குள் அது தெரிந்தது. குடத்துத் தண்ணீரில் வட்டம் வட்டமாக நடுக்கம் ஓடியது. அடுக்கில் இருந்த தட்டுகள் ஒன்றோடொன்று பல்லைக் கடித்தன. சுவரிலிருந்து மண் உதிர்ந்து அம்சத்தின் முகத்தில் விழுந்தது.

அம்சம் அவர் மனைவி. போன சம்பா நடவில் நாற்றுக்கட்டோடு வரப்பில் சறுக்கி விழுந்து இடுப்பெலும்பு போயிற்று. ஆபரேஷன் செய்து பிளேட் வைத்திருக்கிறது. தூக்கி உட்கார வைத்தால் உட்காருவாள். தானாக எழுந்து நடக்க முடியாது. கட்டிலை ரோட்டுப் பக்கச் சுவரை ஒட்டிப் போட்டிருந்தார்கள். அங்கேதான் ஜன்னல். அவளுக்குப் போகிற வருகிறவர்களிடம் வாயாட வேண்டும்.

"என்னாங்க, ஒங்க கம்பெனி மெஷினு எனக்குப் பவுடரு போட்டு உட்டுருக்கு பாத்தீங்களா?" என்றாள், அவர் சாயங்காலம் வந்ததும்.

மருதையன் அவள் முகத்தைத் துடைக்காமல் சுவரைத் தடவினார். ஜன்னல் மூலையிலிருந்து கீழே மயிரிழை போல ஒரு கோடு இறங்கியிருந்தது.

"சுவத்துல வெடிப்பு உட்டுருக்கு, அம்சம்."

"உடட்டும். உழுந்தா வானமாவது தெரியும். எத்தினி நாளைக்கு இந்தத் தகரத்தையே மொறச்சிக்கிட்டு கெடக்கறது?"

"வாயக் கழுவு. மெஷினு இன்னும் முக்குலதான் நிக்கிது. வாசலுக்கு வந்தா என்னாவும்? பேசாம மாயவரத்துல மவ ஊட்டுல போயி கொஞ்ச நாளு இரு."

"சம்மந்தி பாக்க படுத்த எடத்துலயே ஒண்ணுக்குப் போவணுமா? நான் வரல. செத்தாலும் என் சுவத்துக்குள்ள சாவறேன்."

அவள் சொன்னால் சொன்னதுதான். அவர் களிமண்ணும் சாணமும் பிசைந்து வெடிப்பில் பூசினார். மறுநாள் சாயங்காலம் பூசிய இடத்தை விட்டுப் பக்கத்தில் புதிதாக ஒன்று திறந்திருந்தது. ரோலர் இன்னும் பாதித் தெருகூட வரவில்லை.

ரோலர் ஓட்டுகிறவன் வெற்றிசெல்வன். தரங்கம்பாடிக்காரன், கடலுக்குப் போகிற குடும்பம். படகு போன பிறகு இந்த வேலைக்கு வந்தவன். எதற்கும் சிரிப்பான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ரோலர் நிழலிலேயே சாய்ந்திருந்தவன் பக்கத்தில் மருதையன் போய் உட்கார்ந்தார்.

"தம்பி, ஒரு ஒதவி."

"சொல்லுங்க பெரியவரே. பொண்ணு கிண்ணு பாத்து வச்சிருக்கீங்களா?"

"என் ஊட்டுக்கு முன்னாடி போவக்குள்ள அந்த அதிர்வ மட்டும் நிறுத்திக்கிறியா? பொம்பள சுவத்தோரமா கெடக்குறா. நவுர மாட்டேங்குறா."

வெற்றிசெல்வன் நிமிர்ந்து உட்கார்ந்தான். இந்தத் தடவை சிரிக்கவில்லை. "மேடம் சொன்னத கேட்டீங்கல்ல?"

"கேட்டேன் தம்பி. ஒரு வண்டி நீளம். அதுக்கு மேல கேக்கல. உருட்டத்தானே போற. நாலு தடவ சேத்து உருட்டு."

"நாலு தடவ இல்ல, நாப்பது தடவ உருட்டுனாலும் அதிராம அது அடிவரைக்கும் எறங்காது." காதில் சொருகியிருந்த பீடியை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி சொருகினான். "எங்காத்தாவும் இப்புடித்தான் கெடக்கு. சரி போங்க. யாருகிட்டயும் மூச்சு உடக்கூடாது. என் பொழப்பு போயிடும்."

வாசலுக்கு ரோலர் வந்தபோது சூப்பர்வைசர் டிப்பரை எதிர்பார்த்து முக்கில் நின்றார். மருதையன் வாரியை ஊன்றிக்கொண்டு வாசலில் நின்றார். பக்கத்துக் காலி மனையைத் தாண்டியதும், அதுவரைக்கும் தரையைக் குடைந்துகொண்டிருந்த சத்தம் சட்டென்று செத்தது. வெறும் இன்ஜின் மட்டும் உறுமியது. அவ்வளவு பெரிய இரும்பு உருளை, தூங்குகிறவனைத் தாண்டிப் போகிற மாதிரி அவர் வாசலைத் தாண்டிப் போயிற்று. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். குடத்துத் தண்ணீர் ஆடவில்லை.

"என்னாச்சு, மெஷினு ரிப்பேரா?" என்றாள் அம்சம் உள்ளேயிருந்து.

அந்த இடத்துக்கு மட்டும் அவர் சாக்கை இரண்டு மடிப்பாக விரித்தார். மற்ற இடத்துக்கு ஒரு குடம் என்றால் இங்கே கூடுதலாக ஊற்றினார். தண்ணீர் விட்டால் அடியும் இறுகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பூர்ணிமா, அடிவரைக்கும் இறுகியிருக்கிறதா என்று காட்டுகிற ஒரு மஞ்சள் பெட்டியை அங்கங்கே ரோட்டின்மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். வாசலுக்கு முன்னால் ஓரிடத்தில் வைத்தார். வாசலைத் தாண்டி ஓரிடத்தில் வைத்தார். மருதையன் கும்பிடாத சாமி இல்லை.

வேலை முடிந்தது. வெற்றிசெல்வன் ரோலரை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் போனான். சாம்பல் நிறத்தில், நேர்கோடாக, ரோடு அழகாகத்தான் இருந்தது. ஆற்றில் தண்ணீர் வந்தது, வாய்க்காலுக்கு வந்தது, குறுவை நட்டார்கள், அறுத்தார்கள். நெல் லாரிகள் வர ஆரம்பித்தன. மழையும் கூடவே வந்தது.

முதல் மழை விட்ட மறுநாள் மருதையன் பார்த்தார். ரோடு வெளுப்பாகக் காய்ந்திருந்தது. அவர் வாசலுக்கு நேராக ஒரு பாய் விரித்த அளவுக்கு ஈரம் காயாமல் கருத்துக் கிடந்தது. மற்ற வாசல்களை அவர் போய்ப் பார்க்கவில்லை.

பிறகு காது சொல்லிற்று. லாரி மற்ற இடத்தில் போனால் ஒரு சத்தம், இந்த இடத்தில் ஏறினால் வேறு சத்தம். வயிறு உப்பிய மாட்டைத் தட்டினால் வருமே, அது மாதிரி. படுத்தால் அதற்காகக் காத்திருந்தார். சோற்றில் கை வைத்தால் அந்த நேரத்தில் கேட்டது. பத்து நாளில் மேலே சிலந்தி வலையாக வெடிப்பு பிடித்தது. வலை கட்டிய இடத்தில் சிமெண்டுப் பாலைக் கரைத்து ஊற்றினார். ஊற்ற ஊற்றக் குடித்தது. எவ்வளவு ஊற்றினாலும் எங்கே போகிறது என்று தெரியவில்லை.

"அண்ணன் ரோட்டுக்குப் பாலாபிஷேகம் பண்ணுறாரு!" என்று தெருவில் கேலி செய்தார்கள். எல்லையம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அதை அவர் அப்போது கவனிக்கவில்லை.

யாரிடம் சொல்வது? மேடத்திடம் சொன்னால் இந்தத் துண்டைப் பெயர்த்துவிட்டு மறுபடி போடுவார். மறுபடி ரோலர் வரும். இந்தத் தடவை அதிர்வோடு வரும். வெற்றிசெல்வன் பிழைப்பில் மண் விழும். சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அவர் முழுசாக நினைத்துப் பார்க்கவில்லை. நினைக்கத் தொடங்கினாலே லாரி ஒன்று போகும், அந்தச் சத்தம் கேட்கும்.

"என்னாத்துக்கு ரோட்டையே வெறிச்சிப் பாக்குறீங்க? எவளாச்சும் வாராளா?" என்றாள் அம்சம்.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாத மூஞ்சியா இது?"

ஐப்பசி நடுவில் மழை பிடித்துக்கொண்டது. கிடங்கில் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு மூட்டை இறக்குவதை நிறுத்தினார்கள். வந்த லாரிகள் வந்தபடியே நின்றன. கிடங்கு வாசலிலிருந்து மெயின்ரோடு வரைக்கும் ஒன்றின் மூக்கில் ஒன்று இடித்துக்கொண்டு வரிசை. எல்லாமே நெல் மூட்டை ஏற்றிய பாரம். டிரைவர்கள் டீக்கடைக்குப் போய்விட்டார்கள்.

மருதையன் வாசலில் ஒரு லாரி நின்றது. இடது சக்கரங்கள் சரியாக அந்த ஈரத்தின்மேல்.

டிரைவர் மீரா சாகிப் வண்டியிலேயே சாய்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். நாகூர் பக்கத்து மனுஷன்.

"பாய், வண்டிய கொஞ்சம் முன்னாடி எடுங்களேன்."

"எங்க எடுக்குறது? அவன் வண்டி மேல ஏத்தவா?"

"பின்னாடியாவது நவுத்துங்க."

"பின்னாடி நிக்கிறவன் என் மச்சான் பாருங்க, சொன்னதும் நவுறுவான். என்னா பெரியவரே, வாசல்ல நின்னா வாடக கேப்பீங்களா?"

மருதையன் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். இத்தனை மாதம் மென்று விழுங்கியதை முன்பின் தெரியாத ஆளிடம்தான் முதலில் சொல்ல வந்தது. "பாய், இந்த எடத்துல ரோடு சரியா அமுங்கல. அடியில பொந்து. எனக்குத் தெரியும். நான்தான் அமுக்க உடல. உள்ள என் பொஞ்சாதி படுத்துருக்கா."

மீரா சாகிப் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு இடது ஜன்னலில் தலையை நீட்டிச் சக்கரத்தைப் பார்த்தார். வெடிப்பிலிருந்து சேற்றுத் தண்ணீர் கொப்புளம் கொப்புளமாக வந்துகொண்டிருந்தது. மேலே மழை பெய்கிறது, தண்ணீர் கீழேயிருந்து வருகிறது.

வெற்றிலையைத் துப்பினார். "மொதல்ல ஆள வெளியில கொண்டாங்க. நான் முன்னாடி வண்டிக்காரன இழுத்துட்டு வாறேன்." வலது பக்கக் கதவைத் திறந்து குதித்து ஓடினார்.

மருதையன் உள்ளே ஓடினார்.

"எந்திரி. தூக்குறேன், கழுத்தக் கட்டிக்க."

"என்னாங்க, சோத்துல இருக்கறவள..." அம்சம் தட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

அவர் கையைக் கொடுத்தபோது வெளியே ஏதோ முறிந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. பொரித்த அப்பளத்தை யாரோ துணிக்குள் வைத்து நொறுக்கியது போல இருந்தது. ஜன்னலில் இருந்த வெளிச்சம் போயிற்று. லாரியின் பக்கப் பலகை ஜன்னலை அடைத்துக்கொண்டு மெதுவாக, மிக மெதுவாக, உள்ளே சாய்ந்தது. சுவர் முனகியது. மேலே தகரம் கிழிந்தது. ஒரு மூட்டை வாசலில் தொப்பென்று விழுந்தது, அடுத்தது, அதற்கு அடுத்தது. நிலைப்படி ஒரு பக்கமாக உட்கார, கதவு அதில் மாட்டிக்கொண்டது. பிறகு எல்லாம் நின்றது.

சுவர் உள்பக்கம் வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. லாரியின் பாரம் முழுக்க அதன்மேல். கட்டில் அதன் அடியில்.

அவர் மூச்சு விடாமல் கட்டிலைப் பின் சுவர்ப் பக்கம் இழுத்தார். ஒவ்வோர் இழுப்புக்கும் முன் சுவரிலிருந்து கட்டி கட்டியாக மண் விழுந்தது. அந்த வீட்டுக்கு வாசல் ஒன்றுதான். பின் சுவரில் ஜன்னல்கூட இல்லை. மூலையில் கடப்பாரை சாய்ந்திருந்தது.

எடுத்தார். ஓங்கினார். கை நின்றது. ஓர் அதிர்வுகூடப் படக்கூடாது என்று ஊரையும் அரசாங்கத்தையும் ஏமாற்றிக் காத்த சுவர். அதே வீட்டை இப்போது அவர் கையாலேயே அதிர வைக்க வேண்டும்.

மெதுவாக ஒரு குத்து குத்தினார். பின் சுவரில் காக்கை கொத்தியது போல ஒரு பள்ளம். முன் சுவரில் ஒரு கூடை மண் சரிந்தது.

"அதிருது அம்சம். அந்தப் பக்கம் அதிருது."

"அதிரட்டுமே!" அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க தடவிக் குடுத்தா சுவரு தொறக்குமா? பலமா குத்துங்க. எனக்கு மேல உழுந்தா நான் பாத்துக்கறேன்."

குத்தினார். கண்ணை மூடிக்கொண்டு குத்தினார். வெளியே எல்லையம்மாளின் கூச்சல் கேட்டது, பிறகு அந்தப் பக்கத்திலிருந்து மண்வெட்டிகள் விழுந்தன. ஓட்டை விழுந்து மழை உள்ளே அடித்தது. போர்வையோடு அம்சத்தைத் தலைப்பக்கமாக இழுத்தார்கள். இடுப்பு இடித்தபோது அவள் கத்திய கத்தல் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். அவளுக்குப் பின்னால் அவர் தவழ்ந்து வெளியே வந்து எழுந்து நிற்பதற்குள் முன் சுவர் உட்கார்ந்தது. லாரி பெருமூச்சு விட்ட மாதிரி வீட்டுக்குள் படுத்தது. நெல் மூட்டைகள் கட்டில் கிடந்த இடத்தை மூடின.

எல்லையம்மாள் வீட்டு மாட்டுக் கொட்டகையில் அம்சத்தைக் கிடத்தினார்கள். உயிர் இருக்கிறது, வலி இருக்கிறது, வாயும் இருக்கிறது. "ஆம்புலன்சுக்குச் சொன்னீங்களா, இல்ல அதுக்கும் மூச்சு உடக்கூடாதா?" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. அவள் எதைத் தெரிந்துகொண்டு சொன்னாள், எதைத் தெரியாமல் சொன்னாள் என்று மருதையனுக்குப் பிடிபடவில்லை.

கிடங்கில் வடிகால் பார்க்க வந்திருந்த பூர்ணிமா குடைகூட இல்லாமல் ஓடிவந்தார். ரோட்டில் வாய் பிளந்த இடத்தில் குந்தினார். மேலே இரண்டு விரல் கனத்துக்கு நல்ல தோல். அதன் கீழே கைவிட்டு அள்ளினார். சரளைக் கல் தனித்தனியாக, பொரி போல உதிர்ந்தது.

"இது அதிர்வே படாத சரக்கு." நிமிர்ந்து பார்த்தார். "இங்க என்ன நடந்தது?"

மருதையன் முன்னால் வந்தார். இனிமேல் காப்பாற்ற அங்கே சுவர் இல்லை. "நான்தான் மேடம். ரோலர் தம்பிகிட்ட நான்தான் கெஞ்சிக் கேட்டேன். அதிர்வ நிறுத்தச் சொல்லி. அவன் மேல தப்பு இல்ல. இந்த ஒரு எடம்தான். என் ஊட்டு நீளம் மட்டும்தான்."

பூர்ணிமா வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு கை மருதையனின் தோளைப் பிடித்தது. எல்லையம்மாள். மழைத் தண்ணீரா கண்ணீரா தெரியவில்லை.

"அண்ணே, எங்கூட்டுக்கு முன்னாடியும்தான்."

"என்னாது?"

"அந்தத் தம்பிகிட்ட நானும் கேட்டேன். எங்க சுவரு மட்டும் என்னா இரும்பா? யாருகிட்டயும் சொல்லாதக்கான்னு சொல்லிச்சு."

எதிர்வீட்டுக் காயாரோகணம் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குப் பக்கத்தில் நின்ற பிரகதீஸ்வரி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். கூட்டத்தில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லோரும் அவரவர் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். தெருமுனையிலிருந்து கிடங்கு வரைக்கும், பள்ளத்தில் கிடந்த ஒவ்வொரு மண் வீட்டுக்கு மேலேயும் ஒரு பார லாரி நின்றது.

பூர்ணிமாவின் கையில் இருந்த கல் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தது. "வீட்டுல இருக்கறவங்க எல்லாரையும் வெளிய வரச் சொல்லுங்க" என்றார். மழைச் சத்தத்தில் அது பக்கத்தில் நின்றவர்களுக்கே சரியாகக் கேட்கவில்லை. "வண்டி எதையும் எடுக்கக்கூடாது. யாராவது ஓடிப்போய்ச் சொல்லுங்க, ஒரு வண்டியக்கூட ஸ்டார்ட் பண்ணக்கூடாது!"

தெருக்கோடியில், வண்டிகளை உள்ளே நிறுத்திக்கொள்ளச் சொல்லிக் கிடங்கின் கேட்டைத் திறந்துவிட்டார்கள். வரிசை நகருது, வண்டிய எடுங்க என்று அங்கே யாரோ கத்திக் கையை வீசினான். டீக்கடையிலிருந்து டிரைவர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடி ஏறினார்கள். மருதையன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ரோட்டின் நடுவில் ஓடினார். முதல் லாரி உறுமியது, அடுத்தது உறுமியது, அதற்கு அடுத்தது. அவர் வெறுங்காலுக்குக் கீழே ரோடு நடுங்க ஆரம்பித்தது.